தாய் இருந்தும் அநாதை

1822இல் சென்னையிலிருந்து ஒரு சிறு குழு சுமத்ராவின் மேற்குக் கரையை ஒட்டிய தீவு ஒன்றுக்குக் கப்பலேறியது. 'புலோ கௌன்சா லௌட்' என்று ஆங்கில ஆவணங்கள் அந்தத் தீவைக் குறிக்கின்றன. மலாய் மொழியில் 'புலோ' என்றால் தீவு, 'லௌட்' என்றால் கடல். தீவு பூமியின் நடுக்கோட்டுக்கு மிக அருகில் இருக்கிறது. வடக்கு அட்சம் 0 பாகை 1 கலை 49 விகலை, அதாவது நடுக்கோட்டிலிருந்து மூன்றரைக் கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவு. குழுவுக்குத் தலைமை கேப்டன் ஜான் ஹென்றி கிரிஸ்ப். கருவிகளோடு வேலை செய்யப் போனவர்கள் இருவர்: பீட்டர் லாரன்ஸ், ஜான் ராபின்சன். இருவரும் சென்னை சர்வே பள்ளியில் பயின்று, நுங்கம்பாக்கம் வானாய்வகத்தில் உதவியாளர்களாக இருந்தவர்கள்.

அவர்கள் கொண்டுபோனது ஓர் ஊசல். பூமி சரியான உருண்டை இல்லை. துருவங்களில் தட்டையாகவும் நடுவில் சற்றுப் பருத்தும் இருக்கிறது. நடுக்கோட்டில் ஈர்ப்பு குறைவு. அதனால் ஒரே ஊசல் லண்டனில் ஆடுவதைவிடச் சென்னையில் மெதுவாக ஆடும். நடுக்கோட்டில் அதைவிடவும் மெதுவாக ஆடும். சென்னையில் சரியாக ஓடுகிற ஊசல் கடிகாரத்தை நடுக்கோட்டில் கொண்டுபோய் வைத்தால் ஒரு நாளுக்கு ஏறக்குறைய 12 நொடி பின்தங்கும். அந்தப் 12 நொடியைத் துல்லியமாக அளந்தால் பூமி எவ்வளவு தட்டை என்று கணக்கிடலாம். பூமியின் வடிவம் தெரிந்தால்தான் பெரிய நிலப்படத்தைப் பிழையில்லாமல் வரையலாம். 1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்ப்டன் பரங்கிமலைக்கு அருகே தன் அடித்தளக் கோட்டை அளக்கத் தொடங்கியதிலிருந்து, இந்த நாட்டை முக்கோணம் முக்கோணமாக அளந்துகொண்டிருந்த கம்பெனிக்கு அந்தக் கணக்கு தேவைப்பட்டது.

வேலை எளிதானதில்லை. ஆய்வு ஊசலைக் கடிகார ஊசலுக்கு முன்னால் தொங்கவிட வேண்டும். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்தும் கணத்தைத் தொலைநோக்கி வழியே பார்த்துக் குறித்துக்கொண்டே இருக்க வேண்டும். வெப்பத்தில் உலோகம் நீளும் என்பதால் வெப்பமானியையும் கவனிக்க வேண்டும். கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்று இரவில் விண்மீன்கள் உச்சம் கடக்கும் நேரத்தைக் கொண்டு சரிபார்க்க வேண்டும். பகலும் இரவும் கண் கொடுக்கிற வேலை. சென்னையில் இதே சோதனையை 1821இல் நடத்திய அரசு வானாய்வாளர் ஜான் கோல்டிங்ஹாம் தீவுக்குப் போகவில்லை. ஆனால் அறிக்கை அவர் பெயரில்தான் வந்தது. பிற்காலப் புவி அளவியல் அட்டவணைகளில் அந்தத் தீவுக்கு நேரே அளந்தவர் பெயராகக் கோல்டிங்ஹாம் என்றே இருக்கிறது.

கப்பல் வரை அவர்களைக் கொண்டுசேர்த்தவர்கள் யார்? அன்று சென்னையில் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கரையிலிருந்து தள்ளி நங்கூரமிட்டு நிற்கும். கரைக்கும் கப்பலுக்கும் இடையே அலையைத் தாண்டி ஆளையும் சரக்கையும் கொண்டுபோனவை மசூலா படகுகள். ஆணி இல்லாமல் கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டிய படகுகள் அவை. அலை தூக்கி அடித்தாலும் பிளக்காமல் வளைந்துகொடுக்கும். அவற்றை ஓட்டியவர்களின் குடியிருப்புதான் ராயபுரம். அங்குள்ள புனித பேதுரு ஆலயத்தை அந்தப் படகுக்காரச் சமூகமே 1829இல் கட்டியது. சென்னையை விட்டுக் கடலேறிய எந்த ஊசலும் எந்தத் தொலைநோக்கியும் அந்தத் தோள்களைத் தொட்டுத்தான் போயிருக்க வேண்டும்.

இந்தப் பயணத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பூமியின் வடிவத்தைப் பற்றி எழுதுவார்கள்; பேரரசின் அறிவியலைப் பற்றி எழுதுவார்கள். லாரன்ஸும் ராபின்சனும் பயின்ற பள்ளி எந்தப் பிள்ளைகளைக் கொண்டு உருவாக்கப்பட்டது என்பதுதான் என் அக்கறை.

மைக்கேல் டாப்பிங் சோழமண்டலக் கரையை அளந்தவர், கம்பெனியின் வானாய்வாளர். அவர் முயற்சியில் நுங்கம்பாக்கம் வானாய்வகம் 1792இல் எழுந்தது. 1794 மே 17 அன்று அவர் பொறுப்பில் சர்வே பள்ளி எட்டு மாணவர்களோடு தொடங்கியது. அந்தப் பள்ளியே வளர்ந்து 1859இல் பொறியியல் கல்லூரியாகி, 1920இல் கிண்டிக்கு இடம்பெயர்ந்தது. ஆசியாவின் பழைய பொறியியல் கல்விக்கூடங்களில் ஒன்று என்று நாம் பெருமையோடு சொல்கிற கிண்டி பொறியியல் கல்லூரியின் வேர் இதுதான். மாணவர்கள் வந்தது ஆண்பிள்ளைகள் அநாதை ஆசிரமத்திலிருந்து. இன்றைய எழும்பூர் ரயில் நிலையப் பகுதியில் அன்றிருந்த சிறு கோட்டையில் 1789 முதல் அந்த ஆசிரமம் நடந்தது. ஐரோப்பியப் படைவீரர்களின் அநாதைகளான, ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கானது அது. அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் இந்தத் தெருக்களில் வாழ்ந்த பெண்கள் பெற்றவர்கள்.

டாப்பிங்கின் கணக்கு நடைமுறைக் கணக்கு. இங்கிலாந்திலிருந்து சர்வேயர்களை வரவழைத்தால் செலவு அதிகம். அவர்கள் நோயில் விழுவார்கள், ஊர் திரும்பிவிடுவார்கள். இங்கே பிறந்த பையன்கள் வெயில் தாங்குவார்கள், ஆங்கிலம் அறிவார்கள், குறைந்த கூலிக்கு வேலை செய்வார்கள், போவதற்கும் வேறு இடமில்லை. அந்த இடமின்மையையும் கம்பெனியே உண்டாக்கியிருந்தது. இந்தியத் தாய்க்கோ தந்தைக்கோ பிறந்த எவரையும் தன் குடிமை, படை, கடல் பணிகளில் அமர்த்துவதில்லை என்று 1791இல் அது உத்தரவிட்டது. 1795இல் தாய் தந்தை இருவரும் ஐரோப்பியராக இல்லாதவர்கள் படையில் குழலூதவும் முரசறையவும் வாத்தியம் வாசிக்கவும் குதிரைக்கு லாடம் அடிக்கவும் மட்டுமே சேரலாம் என்றாயிற்று. தாயின் நிறம் ஒரு மகனின் சம்பளத்தைத் தீர்மானித்தது. பெரிய உத்தியோகத்துக்குக் கதவை அடைக்கவும், மலிவான உத்தியோகத்துக்குக் கதவைத் திறக்கவும் தாய் காரணமானாள். அவள் பெயரை எழுத வேண்டிய தேவை மட்டும் எங்கும் வரவில்லை.

'அநாதை' என்ற சொல்லை நாம் தமிழில் யாருமற்றவர் என்ற பொருளில் புழங்குகிறோம். நாதன் இல்லாதவர் என்பதே அதன் வேர்ப்பொருள். நாதன் என்றால் தலைவன், காப்பவன், கணவன். அந்தச் சொல்லுக்குள் தாய்க்கு இடமே இல்லை. எழும்பூர் ஆசிரமத்தில் சேர்ந்த பிள்ளைகளுக்கு ஆங்கிலச் சொல்லும் அதே வேலையைச் செய்தது. தந்தை போரில் இறந்திருக்கலாம், காய்ச்சலில் இறந்திருக்கலாம், உயிரோடு கப்பலேறிப் போயிருக்கலாம். பிள்ளை அநாதை. தாய் கோட்டைக்கு வடக்கே கறுப்பர் நகரத்தில், முத்தியால்பேட்டையிலோ பெத்தநாயக்கன்பேட்டையிலோ உயிரோடு இருந்தாலும் பிள்ளை அநாதைதான். எழும்பூருக்கு அங்கிருந்து நடந்தே போய்விடலாம்.

ஆசிரமத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல் கல்வி வரலாற்றில் பெரிய பெயர். இந்த ஊர்ப் பிள்ளைகள் திண்ணைப் பள்ளியில் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்து அந்த முறையைத் தன் ஆசிரமத்துக்குக் கொண்டுபோனார். மூத்த பையன் இளையவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையை வளர்த்தெடுத்து 1797இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். நம்மூர்ச் சட்டாம்பிள்ளைக்கு அது புதிதில்லை. இங்கிலாந்தில் அது 'மெட்ராஸ் முறை' என்று பரவியது. ஏறக்குறைய எட்டு வயதான ஜான் ஃபிரிஸ்கன் என்ற சிறுவன் எழுத்து வகுப்பை நடத்தினான். வில்லியம் ஸ்மித் என்ற பதினேழு வயது மாணவன் 1794இல் திப்பு சுல்தானின் மகன்களைத் திருப்பி ஒப்படைக்கச் சென்ற குழுவோடு மைசூர் போய், திப்புவுக்கு முன்னால் அறிவியல் சோதனைகள் செய்துகாட்டினான். இந்தப் பையன்களின் பெயர்கள் நமக்குத் தெரியும். பெல் எழுதிவைத்திருக்கிறார். தாய்மாரைப் பற்றியும் அவருக்குக் கருத்து இருந்தது: அவர்கள் சார்ந்த வகுப்பின் சீரழிவிலிருந்து பிள்ளைகளை மீட்க வேண்டும் என்பது. மணலில் எழுதும் முறையைத் திண்ணையிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். பிள்ளைக்கு அந்தத் திண்ணைக்காரியின் வாடை மட்டும் ஆகாது.

அந்தப் பெண்கள் யார்? திருமணமானவர்கள் உண்டு, ஆகாதவர்கள் உண்டு. சமைத்துப் போட வந்தவர்கள், விலைக்கு வாங்கப்பட்டவர்கள், விரும்பிச் சேர்ந்தவர்கள், பஞ்சத்தில் ஒண்டியவர்கள் எல்லோரும் இருந்திருப்பார்கள். ஞானஸ்நானப் பதிவேடுகளில் பல சமயம் தந்தை பெயர் முழுதாக இருக்கும்; தாய் 'சுதேசிப் பெண்' ஆகவோ, மதம் மாறியபோது கொடுத்த ஒற்றைப் பெயராகவோ நிற்பாள். வங்காளத்தின் உயில்களையும் வழக்குகளையும் ஆராய்ந்த துர்பா கோஷ், இந்தப் பெயரின்மை தற்செயல் மறதி இல்லை என்று 2006இல் வெளியான தன் நூலில் விரிவாகக் காட்டியிருக்கிறார். மேரி என்றும் அன்னா என்றும் எழுதப்பட்ட பிறகு அவளைத் தேடி அவள் ஊருக்கும் உறவுக்கும் போக வழியில்லை. வரலாற்று மாணவிக்கு அங்கே பாதை முடிந்துவிடுகிறது.

அவர்களின் மகள்கள்? ஆண்பிள்ளைகள் ஆசிரமத்துக்கும் முன்பே, 1787இல், ஆளுநர் ஆர்ச்சிபால்ட் கேம்பலின் மனைவி முன்னின்று பெண்பிள்ளைகள் ஆசிரமத்தைத் தொடங்கிவைத்தார். ஒரே தாய் வயிற்றில் பிறந்த அண்ணன் எழும்பூருக்கும் தங்கை அங்கும் போயிருக்க முடியும். அண்ணனுக்குக் கணக்கு, வானியல், தியோடலைட். தங்கைக்கு வாசிப்பு, வேதம், ஊசி நூல், பிறகு ஒரு படைவீரனோடு திருமணம் அல்லது ஒரு வீட்டில் வேலை. கையின் நுட்பமும் கண்ணின் கூர்மையும் தையலுக்கும் வேண்டும், கோணம் அளக்கவும் வேண்டும். அண்ணனின் கைத்திறன் நிலப்படமாக ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. தங்கை தைத்தது கிழிந்துபோயிருக்கும்.

அண்ணன் போன தூரம் கொஞ்சமில்லை. மெக்கன்சியின் மைசூர் அளவையில் இந்தப் பள்ளிப் பையன்கள் இருந்தார்கள். லாம்ப்டனோடு காட்டிலும் மலையிலும் பல ஆண்டுகள் அலைந்தவர் ஜோஷுவா டி பென்னிங். 1823இல் லாம்ப்டன் ஹிங்கன்காட்டில் இறந்த பிறகும் அளவைப் பணியில் இருந்து, பின்னாளில் கல்கத்தாவில் கணக்கீட்டு அலுவலகத்தின் தலைமைக்கு வந்தார். லாரன்ஸும் ராபின்சனும் நடுக்கோட்டுக்கே போனார்கள். ஆனால் மலைக்கு வைத்த பெயர் டி பென்னிங் இல்லை, எவரெஸ்ட். நிறத்தால் கீழே வைக்கப்பட்ட மகன்களின் நியாயம் இது. அதைக் கேட்க இன்று ஆளிருக்கிறது. அவர்களுக்கும் கீழே, கேட்க ஆளில்லாமல், தாயும் தங்கையும் இருக்கிறார்கள்.

அந்தப் பள்ளி தன் கதவைப் பெண்ணுக்குத் திறக்க 146 ஆண்டுகள் ஆயின. 1940இல் அ. லலிதா கிண்டி பொறியியல் கல்லூரியில் சேர்ந்தார். அவருக்குத் துணையாக பி.கே. திரேசியா, லீலாம்மா ஜார்ஜ் இருவரும் வந்தார்கள். லலிதா மின்பொறியியல் படித்தார்; மற்ற இருவரும் கட்டடப் பொறியியல். பட்டச் சான்றிதழில் 'அவன்' என்று அச்சிட்டிருந்த ஆங்கிலச் சொல்லை அடித்துவிட்டு 'அவள்' என்று எழுதிக் கொடுத்தார்கள். அதுவரை அச்சகத்துக்கு அந்தச் சொல் தேவைப்படவில்லை.

லலிதாவின் கதையை நாம் முதல் பெண் பொறியாளர் கதையாகச் சொல்கிறோம். இன்னொன்றும் அதில் இருக்கிறது. 15 வயதில் மணமாகி, 1937இல் குழந்தை பிறந்த நான்கே மாதத்தில் கணவரை இழந்தவர் அவர். மருத்துவம் படித்தால் நேரங்கெட்ட நேரத்தில் குழந்தையை விட்டுப் போக வேண்டும் என்றுதான் பொறியியலைத் தேர்ந்தார். அவர் தந்தை அதே கல்லூரியில் பேராசிரியர் என்பதால் அனுமதி கேட்க ஒரு வாய் இருந்தது. குழந்தையை உறவினர் பார்த்துக்கொண்டார்கள். பின்னாளில் பக்ரா நங்கல் அணைக்கான மின் நிலையப் பணிகளில் அவர் உழைப்பு இருந்தது. 1964இல் நியூயார்க்கில் நடந்த முதல் சர்வதேசப் பெண் பொறியாளர், அறிவியலாளர் மாநாட்டுக்கும் போய்வந்தார்.

1794இன் இலக்கணப்படி அந்தப் பெண்குழந்தை அநாதை. தந்தை இல்லை, தாய் மட்டும். எட்டு 'அநாதைகளை' வைத்துத் தொடங்கிய பள்ளியில், ஓர் 'அநாதை'யின் தாயே மாணவியாக வந்து உட்கார்ந்தாள். தாய் ஒருத்தி இருந்தால் பிள்ளை அநாதை இல்லை என்பதைச் சம்பாதித்துக் காட்டினாள். சாதியும் தந்தையின் பதவியும் லலிதாவுக்கு உதவின. கறுப்பர் நகரத்துப் பெண்களுக்கு அந்த இரண்டும் இல்லை. அதை மறந்துவிட்டு அவர் கதையைக் கொண்டாட முடியாது.

சட்டம் இன்னும் பின்னால் வந்தது. 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் காப்பாளர் சட்டம் குழந்தையின் இயற்கைக் காப்பாளர் தந்தை, அவருக்குப் 'பிறகு' தாய் என்றது. மகன் பெயரில் ரிசர்வ் வங்கிப் பத்திரம் வாங்க, தன்னைக் காப்பாளராகக் காட்டி எழுத்தாளர் கீதா ஹரிஹரன் விண்ணப்பித்தபோது தந்தையின் கையெழுத்து கேட்கப்பட்டது. அவர் வழக்காடினார். 'பிறகு' என்றால் தந்தை இறந்த பிறகு என்று மட்டும் கொள்ள வேண்டியதில்லை, அவர் பொறுப்பேற்காத நிலையிலும் தாய் காப்பாளரே என்று 1999 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. சொல்லை நீக்கவில்லை, பொருளைக் கொஞ்சம் நகர்த்தியது. திருவொற்றியூரிலும் காசிமேட்டிலும் மீன் விற்று, ஏற்றுமதி ஆடை தைத்து மகளைக் கல்லூரிக்கு அனுப்பும் அம்மாக்கள் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் தலைப்பெழுத்தாக அம்மாவின் எழுத்தை வைத்தால், 'அப்பா இல்லையா?' என்றுதான் இன்றும் முதல் கேள்வி வருகிறது.

பிள்ளைக்கு நடந்ததே நிலத்துக்கும் நடந்தது. அளவை செய்கிறவன் முதலில் கேட்பது, இது யாருடையது என்பதைத்தான். யாருடையது என்று தெரியாத நிலத்துக்கு வருவாய்த் துறைப் பதிவேட்டில் ஒரு பெயர் உண்டு: அனாதீனம். எவர் அதீனத்திலும் இல்லாதது. அநாதைக்கும் இதற்கும் வேர் வேறு, ஆனால் பதிவேட்டில் இரண்டும் செய்கிற வேலை ஒன்று. தீர்வை விதிக்க முடியாத நீர்நிலையும் மேய்ச்சல் நிலமும் சுடுகாடும் புறம்போக்கு. அங்கே காலம் காலமாகப் புழங்குகிறவர்கள் இருப்பார்கள், பட்டா இருக்காது.

வடசென்னைக்காரர்களுக்கு இது பழைய வரலாறு இல்லை. கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் எண்ணூர்க் கழிமுகம் 1996இல் ஒன்றிய அரசு ஒப்புதல் தந்த கடலோர மேலாண்மை வரைபடத்தில் கட்டுமானம் கூடாத பகுதியாக இருந்தது. அந்தக் கழிமுகத்தையே காட்டாத வேறொரு வரைபடத்தை வைத்துத் தொழிற்சாலைகளுக்கு இடம் ஒதுக்கப்பட்டதை, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியே பெற்ற ஆவணங்களைக் கொண்டு 2017இல் மீனவர்களும் செயற்பாட்டாளர்களும் அம்பலப்படுத்தினார்கள். அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த அந்தச் சேற்றில் எங்கே கால் புதையும், எந்த ஓதத்தில் எங்கே இறால் ஒதுங்கும் என்பது அங்கே தொழில் செய்கிறவர்களுக்குத் தெரியும். எண்ணூர் முதல் பழவேற்காடு வரை தண்ணீரில் அமர்ந்து கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களுக்குத் தெரியும். விரல் நுனியில் ஒரு நிலப்படம் வைத்திருக்கிறவர்கள் அவர்கள். படகும் வலையும் இல்லாத அவர்களின் தொழில், மீன்பிடிப்பைப் பற்றிய பேச்சில்கூட எளிதில் விட்டுப்போகிறது.

ஆகவே வரைபடத்தைப் பார்க்கும்போது அதில் எது இருக்கிறது என்பதோடு, அதை வரைந்தவனைப் பெற்றவள் யார், வரையும்போது எது கண்ணில் படாமல் போனது என்றும் கேட்கப் பழக வேண்டும். லாரன்ஸும் ராபின்சனும் ஒரு நாளில் 12 நொடி என்கிற நுண்ணிய இழப்பை அளக்கக் கடல் கடந்து போனார்கள். அத்தனை கவனத்தைப் பயிற்றுவித்த அமைப்புக்கு, நடந்துபோகும் தூரத்தில் இருந்த பெண்களின் பெயரைக் கேட்டு எழுத ஒரு வரி கிடைக்கவில்லை.

1794 மே 17, எட்டு மாணவர்கள் என்று கல்லூரி வரலாறு தொடங்குகிறது. அதோடு எட்டுத் தாய்மார் என்றும் சேர்த்து எழுத வேண்டும். எட்டில் இருவர் உடன்பிறந்தவர்கள் என்றால் ஏழு. ஒருத்தியோ இருவரோ ஐரோப்பியப் பெண்ணாகவும் இருந்திருக்கலாம். பிழையின் அளவைக் குறிப்பிட்டு எழுதுவது சர்வேயர்களுக்குப் பழக்கமானதுதான். பெயர் கிடைக்காது. எண்ணிக்கையையாவது எழுதலாம்.